அம்மாவின் இரண்டு முழங்கால்களும் ஒரு நடவுப் பாட்டும்

அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோது அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துச் செய்தார்கள். வலி தெரியவில்லை. ஆனால் காது மரத்துப்போகாதே. வார்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் மாற்றியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னது இதுதான்: "பாப்பா, தச்சுப் பட்டறைல படுத்துக் கெடந்த மாதிரி இருந்துச்சு." எலும்பை அறுக்கும் ரம்பத்தின் சத்தம், புது மூட்டைச் சுத்தியலால் தட்டிப் பொருத்தும் சத்தம், எல்லாம் கேட்டிருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்குப் பக்கத்து வீட்டில் யாராவது ஆணி அடித்தால்கூட அவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

அது 2022 ஜூன். ஒன்பது மாதம் கழித்து இடது முழங்காலுக்கு அதே மருத்துவமனை, அதே டாக்டர், அதே ஊசி. இந்த இரண்டுக்கும் நடுவில் வலியையும் பாட்டையும் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. தேனி மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். எங்கள் வீட்டில் நடந்ததையும், அதைப் புரிந்துகொள்ள நான் தேடிப் படித்ததையும்தான் சொல்ல முடியும்.

முழங்கால் மாற்றியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அறுவை சிகிச்சை பாதி வேலைதான். மீதிப் பாதி அடுத்த ஆறு வாரத்தில் இருக்கிறது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் தினமும் பிசியோதெரபி. குதிகாலைப் படுக்கையோடு தேய்த்து இழுத்து முழங்காலை மடக்க வேண்டும். முதலில் 90 டிகிரி, அப்புறம் 110, முடிந்தால் 120. தழும்பு இறுகுவதற்குள் மடக்கிப் பழக்கவில்லை என்றால் மூட்டு விறைத்துவிடும். வலிக்கிறது என்று விட்டால் கால் மடங்காது, மடக்கினால் உயிர் போகிற மாதிரி வலி. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார் அம்மா. பிசியோ தம்பி வாசலில் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டதுமே முகம் மாறிவிடும். ஒரு நாள் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார். எழுபது வயதில், வீடு நிறைய ஆட்களை வைத்து வேலை வாங்கிய மனுஷி, பள்ளிக்கூடம் போகப் பயந்த பிள்ளை மாதிரி படுத்திருந்ததைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்தச் சமயத்தில்தான் யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். மூட்டுவலிக்கு இந்த ராகம், ரத்தக் கொதிப்புக்கு அந்த ராகம், தூக்கத்துக்கு நீலாம்பரி. தவித்துப்போய் இருக்கிறவர்களுக்கு எது கிடைத்தாலும் கயிறாகத்தான் தெரியும். வீணையில் வாசித்த மெதுவான இசையைத் தேடி எடுத்து, இயர்போனை அம்மாவின் காதில் வைத்து, "கண்ண மூடிக் கேளும்மா, வலி கொறையும்" என்றேன். இரண்டு நிமிடம்கூட இல்லை. பிடுங்கிப் போட்டுவிட்டார். "என்னாத்துக்கு இத வைக்கிற? இந்திரா காந்தி செத்தப்ப ரேடியோவுல வச்ச மாதிரி இருக்கு."

1984-ல் நாள் முழுக்க வானொலியில் சோக வாத்தியம் ஒலித்ததை நேரில் கேட்டவர் அவர். எனக்கு அமைதியாகத் தெரிந்த அதே ஓசை அவருக்கு எழவு வீட்டு ஓசை. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்று மேலும் நாலு நாள் வம்படியாக அதையே வைத்தேன். பிசியோ வருவதற்குச் சரியாக ஐந்து நிமிடம் முன்னால் வைப்பேன். அதனால் வீணைச் சத்தம் கேட்டாலே அடுத்து வலி வரப்போகிறது என்று அவர் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. ஐந்தாம் நாள் நானே நிறுத்தினேன். வலது கால் ஆறு வாரத்தில் 80 டிகிரிதான் வந்தது.

அந்தத் தோல்விதான் என்னைப் படிக்க வைத்தது. காலாண்டு விடுமுறையில் உட்கார்ந்து, கிடைத்ததையெல்லாம் வாசித்தேன்.

வலி என்பது அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு நேராகப் போகிற தந்தி இல்லை என்பதை முதலில் தெரிந்துகொண்டேன். 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். முதுகுத்தண்டில் ஒரு கதவு மாதிரியான அமைப்பு இருக்கிறது. வலிச் செய்தி அதன் வழியாகத்தான் மேலே போக வேண்டும். அந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்பதில் தோலில் படும் தொடுகைக்கும் பங்கு உண்டு, மூளையிலிருந்து கீழே இறங்கி வரும் கட்டளைகளுக்கும் பங்கு உண்டு. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துவிடுகிறோமே, அது ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்கும் இதுதான் விளக்கம். பயம், கவனம், எதிர்பார்ப்பு எல்லாம் மேலேயிருந்து அந்தக் கதவைத் தள்ளவும் இழுக்கவும் செய்கின்றன. நுணுக்கங்கள் பின்னாளில் மாறியிருக்கின்றன, அடிப்படை நிற்கிறது. பைக் சத்தத்துக்கே அம்மாவுக்கு வலி கூடியது நடிப்பு இல்லை என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை நான் அவரை அதட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கதை இதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது. 1959, 60 வாக்கில் அமெரிக்காவில் கார்ட்னர் என்ற பல் மருத்துவரும், பின்னாளில் இணையத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவராகப் பேசப்பட்ட லிக்லைடரும் சேர்ந்து ஒரு கருவியைப் பரப்பினார்கள். நோயாளிக்கு ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்துவிடுவார்கள். முதலில் இசை ஓடும். பல்லைத் துளைக்கும்போது வலித்தால் நோயாளியே குமிழைத் திருகி அருவி கொட்டுவது போன்ற இரைச்சலைக் கூட்டிக்கொள்ளலாம். ஆயிரம் நோயாளிகளில் 65 சதவீதம் பேருக்கு இது முழுப் பலன் தந்தது என்று எழுதினார்கள். பெரிய பரபரப்பு. அப்புறம் 1963-ல் அதே மெல்சாக் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார், வலிக்கக் குளிர்ந்த நீரைப் பயன்படுத்தி. சத்தம் மட்டும் கொடுத்தால் தாங்கும் நேரம் கூடவில்லை. 'இது வலியைக் குறைக்கும்' என்று சொல்லிவிட்டு, காதில் வெறும் ஹம் என்ற ஒலியை மட்டும் வைத்தாலும் கூடவில்லை. உறுதியாகச் சொல்லி, பிடித்துக்கொள்ள நல்ல ஒலியையும் கொடுத்தபோதுதான் கூடியது. ஒலி தானாக ஒன்றும் செய்துவிடவில்லை, வெறும் நம்பிக்கையும் செய்துவிடவில்லை. ஒரு மனிதர் தன் வலியை எதிர்கொள்ள அந்த ஒலியை ஆயுதமாக எடுத்துக்கொண்டபோதுதான் அது வேலை செய்தது. எனக்கு அந்த இசையைவிட கையில் இருந்த குமிழ்தான் முக்கியமாகத் தெரிந்தது. நான் அம்மாவுக்குக் குமிழைக் கொடுக்கவே இல்லையே.

பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் பார்த்தேன். 2015-ல் 'லான்செட்' மருத்துவ இதழில், அறுவை சிகிச்சைக்கு முன்போ, நடுவிலோ, பின்போ இசை கேட்கவைத்த 73 பரிசோதனைகளை, ஏறத்தாழ 7,000 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு வந்தது. இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைவாக இருந்தன; வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. ஆனால் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறையவில்லை. அதற்கு முன்பே, 2006-ல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 51 ஆய்வுகளைத் தொகுத்து, பலன் உண்டு, ஆனால் சிறியது என்று சொல்லியிருந்தது. பத்துக்கு அரை மதிப்பெண் அளவுக்குத்தான் வலி குறைகிறது. இதை மறைத்துவிட்டு யாராவது இசையால் வலி பறந்துவிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு இடைஞ்சலாக இருந்த ஒரு முடிவும் அந்த லான்செட் ஆய்வில் இருந்தது. பாட்டை நோயாளி தேர்ந்தெடுத்தாரா, மற்றவர்களா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லையாம். அம்மாவின் வீணைக் கதைக்கு இது ஒத்துவரவில்லையே என்று குழம்பினேன். வேறு ஆய்வுகள் கொஞ்சம் தெளிவு கொடுத்தன. 2006-ல் ஸ்காட்லாந்தில் மிட்செல், மெக்டொனால்ட் என்ற இருவர், குளிர்ந்த நீரில் கையை வைத்திருக்கச் சொல்லிச் சோதித்தபோது, ஆராய்ச்சியாளர் கொடுத்த இதமான இசையைவிடத் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்டவர்கள்தான் அதிக நேரம் தாங்கினார்கள். நிலைமை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் அவர்களுக்குக் கூடியிருந்தது. 2022-ல் வந்த ஒரு ஆய்வில், அன்றாட வலியோடு இருந்த 286 பேருக்குப் பாட்டு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில் தனக்குப் பங்கு இருக்கிறது என்று உணர்ந்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் காட்டிலும், கேட்கிறவர் அது தன் கையில் இருப்பதாக உணர்கிறாரா என்பதுதான் கணக்கு என்று நான் புரிந்துகொண்டேன்.

சரி, அம்மாவிடம் கேட்டுவிடலாம் என்று போனேன். "ஒனக்கு என்ன பாட்டும்மா புடிக்கும்?"

இது லேசான கேள்வி இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. "எனக்கென்ன பாட்டு, சாமி பாட்டு ஏதாச்சும் போடு" என்றார். போட்டேன். கேட்டார், அவ்வளவுதான். மறுநாள் சுசீலா, டி.எம்.எஸ். பழைய பாட்டுகள் வைத்தேன். "இதெல்லாம் ஒங்க அப்பாவுக்குப் புடிச்சது." மூன்றாவது நாள் கேள்வியை மாற்றினேன். "சின்ன வயசுல நீ எதப் பாடுவ?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தலையணையைச் சாய்த்துக்கொண்டு, மெல்லிய குரலில், எனக்கு ஆறு ஏழு வயதுக்கு மேல் காதில் விழாத ஒரு நடவுப் பாட்டை எடுத்தார்.

எங்கள் பக்கம் பெரியாறு தண்ணீரில் இரண்டு போகம் நெல். அம்மா அவருடைய நடவுக் கூட்டத்தில் முன்பாட்டுக்காரி. ஒரு வரி அவர் பாடினால் மற்றவர்கள் குனிந்தபடியே பின்பாட்டு எடுப்பார்கள். வரப்பு வந்ததும் நிமிர்ந்து குலவை. இடுப்பு ஒடிகிற வேலையை அந்தப் பாட்டுதான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வலியைத் தாங்கப் பாட்டு வேண்டும் என்பதை நாற்பது வருஷம் சேற்றில் நின்று செய்து பார்த்த ஒருவருக்கு, நான் வாட்ஸ்அப் பார்த்துப் பாடம் எடுத்திருக்கிறேன்.

அந்தப் பாட்டு எந்த யூடியூபிலும் இல்லை. கூட நட்டவர்களில் இருந்த பெரியம்மாவையும் இரண்டு அத்தைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைத்துப் பதிவு செய்தேன். வார்த்தை மறந்து சிரித்ததும், "ஏய், அந்த அடி அப்பிடி இல்லடி" என்று சண்டை போட்டதும் எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். வெட்டித் திருத்தவில்லை. அந்தச் சிரிப்புதான் பின்னால் பெரிய துணையாக இருந்தது.

இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போதே ஆரம்பித்தோம். வலி வந்த பிறகு வைத்தால் பாட்டும் வலியும் ஒட்டிக்கொள்ளும் என்பதை வீணையில் பார்த்துவிட்டேன் அல்லவா. அதனால் வலி இல்லாத நேரத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், அவர் சாய்ந்து படுத்திருக்கும்போது ஓடவிட்டோம். உடம்பு அந்தப் பாட்டை நிம்மதியோடு சேர்த்துப் பழகட்டும் என்று. என்னைக் கேட்டால், இதைச் செய்கிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அறுவை அரங்கில் அம்மாவின் காதில் பாட்டு வைக்கலாமா என்று மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டேன். போன முறை சுத்தியல் சத்தம் கேட்டுப் பயந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நிதானமாகக் கேட்டார். சத்தம் குறைவாக இருக்க வேண்டும், நாங்கள் பேசினால் அவருக்குக் கேட்க வேண்டும், கருவியைத் துடைத்துச் சுத்தம் செய்து தர வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டார். அறுவை அரங்கில் பாட்டு வைப்பது புதுசும் இல்லை. 1914-லேயே பென்சில்வேனியாவில் எவான் கேன் என்ற அறுவை மருத்துவர் கிராமபோன் வைத்து நோயாளிகளின் பயத்தைத் தணித்ததை மருத்துவ இதழுக்கு எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி முழித்திருக்கும்போதே அறுவை சிகிச்சை என்றால் தயங்காமல் கேட்டுப் பாருங்கள். அதிகபட்சம் முடியாது என்பார்கள்.

வெளியே காத்திருக்கும் அறையிலேயே, ஊசி போடுவதற்கு அரை மணி முன்னால், பாட்டை ஓடவிட்டோம். வெளியே வந்ததும் அம்மா சொன்னது: "சத்தம் கேட்டுச்சு. ஆனா தூரத்துல எங்கயோ அடிக்கிற மாதிரி இருந்துச்சு." அதற்கப்புறம் ஆணி அடிக்கும் சத்தத்துக்கு அவர் தூக்கிவாரிப் போடவில்லை.

சத்தத்தின் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022-ல் 'சயின்ஸ்' இதழில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. சுற்றியிருக்கும் சத்தத்தைவிட வெறும் 5 டெசிபல் கூடுதலாக ஒலி கொடுத்தபோது எலிகளுக்கு வலி உணர்வு குறைந்தது. அதைவிடச் சத்தமாக வைத்தபோது அந்தப் பலன் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், இனிய இசையா, கர்ணகடூரமான இசையா, வெறும் இரைச்சலா என்பது எலிகளுக்குப் பொருட்டாக இல்லை. மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. எலிக்கு நடவுப் பாட்டின் ஞாபகம் இல்லையே. ஆனாலும் சத்தத்தைக் குறைத்து வைக்க எனக்கு அது ஒரு காரணம் கொடுத்தது. வார்டில் மூன்று டிவியும் முழுச் சத்தத்தில் அலறிக்கொண்டிருக்கும். அதை மீறிக் கேட்க வேண்டும் என்று போனின் சத்தத்தைக் கூட்டினால் அம்மாவுக்குத் தலைவலிதான் வந்தது. நர்ஸம்மாவிடம் சொல்லி டிவியைக் குறைக்க வைத்ததில் கிடைத்த நிம்மதி பாட்டில் கிடைத்ததற்குக் குறைந்ததில்லை.

ராத்திரிதான் மோசம். இந்த வலிக்கு ராத்திரி என்றால் குஷி. இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அம்மா என்னை எழுப்பவில்லை. அவரே தலைமாட்டில் இருந்த போனைத் தடவி எடுத்துப் பாட்டை வைத்துக்கொண்டார். பதினைந்து நிமிடம் கழித்து அவரே நிறுத்தினார். எனக்கு அந்த நிறுத்தியதுதான் பிடித்தது. இத்தாலியில் பெர்னார்டி என்ற மருத்துவரின் குழு 2006-ல் 24 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பாட்டுகளுக்கு நடுவில் விட்ட இரண்டு நிமிட மௌனத்தில்தான் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் நன்றாக இறங்கியிருக்கின்றன. நாள் முழுக்க ஓடவிட்டால் பாட்டும் டிவி மாதிரி ஆகிவிடும்.

அன்றைக்கு அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், பல வருஷமாக வகுப்பில் நடத்திய புறநானூற்றின் 281-ஆம் பாட்டு எனக்கு வேறு மாதிரி கேட்டது. அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்ட கணவனை வீட்டில் கிடத்தியிருக்கிறாள் ஒருத்தி. தோழியைக் கூப்பிடுகிறாள்: வீட்டில் இரவ மரத் தழையையும் வேப்பந் தழையையும் செருகுவோம், யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்கட்டும், மையிழுது பூசுவோம், வெண்கடுகு தூவுவோம், ஆம்பல் என்ற குழலை ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, புகை போட்டு அவனைக் காப்போம் வா. புண்ணைத் தேடி வரும் பேயை விரட்டத்தான் இது என்று சொல்லிக்கொடுப்போம். அதை இன்றைய இசை சிகிச்சை என்று சொல்லி மார்தட்டுவது சரியில்லை. பாட்டின் நோக்கம் அது இல்லை. ஆனால் இரவெல்லாம் வலியில் கிடக்கிறவன் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்து, அவனுக்குப் பழக்கமான ஓசைகளை விடாமல் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் அவன் தனியாக இல்லை. அம்மாவின் காதில் பெரியம்மாவின் சிரிப்பு ஓடிக்கொண்டிருந்ததும் அதுதானே.

வீட்டுக்கு வந்தபின் உண்மையான வித்தியாசம் கேட்டதில் இல்லை, பாடியதில் இருந்தது. வலி மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்துப் பயிற்சி. டாக்டர் சொன்ன நேரத்தில் மாத்திரை. அதில் ஒன்றைக்கூடப் பாட்டுக்காக விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தால் தசை இறுகும், இறுகினால் மடங்காது என்று பிசியோ தம்பி போன தடவையே சொல்லியிருந்தார், அம்மாவால்தான் முடியவில்லை. பாடும்போது மூச்சைப் பிடிக்க முடியாது. ஒரு வரி பாடி முடிய ஒரு மடக்கு, பின்பாட்டு ஓடும்போது நீட்டு. வேகம் அம்மாவுடையது. தம்பி எண்ணுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் பாட்டுக்குப் பின்னால் வந்தார். பத்து மடக்கு முடிந்ததும் ஒரு நாள் அம்மா குலவை போட்டார். தெரு முழுக்கக் கேட்டு, என்ன விசேஷம் என்று பக்கத்து வீட்டம்மா வந்துவிட்டார்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதினேன். பயிற்சிக்கு முன் வலி பத்துக்கு எத்தனை, பின் எத்தனை, கால் எவ்வளவு மடங்கியது, பாடினாரா, ராத்திரி எத்தனை தடவை முழித்தார். வலி மார்க் போடுவது அம்மாதான், நான் இல்லை. பாடிய நாட்களில் பெரும்பாலும் ஒன்று குறைந்தது, சில நாள் இரண்டு, சில நாள் ஒன்றுமே இல்லை. ஒரு மார்க்தானே என்று தோன்றும். ஏழில் இருப்பவர் அடுத்த பத்து மடக்கு மாட்டேன் என்பார். ஆறில் இருப்பவர் சரி, இன்னும் அஞ்சு என்பார். அந்த அஞ்சு தினமும் சேர்ந்தது. ஆனால் இடது காலுக்கு எல்லாப் புகழையும் பாட்டுக்குக் கொடுப்பது நேர்மை ஆகாது. இரண்டாவது முறை என்பதால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். மாத்திரை நேரத்தையும் நாங்கள் ஒழுங்காகப் பிடித்தோம். நானும் அதட்டவில்லை.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ பாட்டை வைத்துச் சமாளிக்கக் கூடாது. உடனே டாக்டர். வலி சில நேரம் செய்தி கொண்டுவரும், அதன் வாயை அடைக்கக் கூடாது. அதே மாதிரி வாக்கரில் நடக்கும்போது இயர்போன் வேண்டாம். ஒயர் காலில் சிக்கும், கூப்பிட்டால் கேட்காது.

ஒன்பதாம் நாள் அம்மா அழுதார். பதிவில் ஒரு பாட்டு, இறந்துபோன அவருடைய கூட்டாளி எடுப்பாராம். வரி வந்ததும் கண்ணீர் வழிந்தது. பதறிப்போய் நிறுத்தினேன். "ஏன் நிப்பாட்டுன? வையி." வைத்தேன். முழுக்கக் கேட்டார், முகத்தைத் துடைத்தார், காப்பி கேட்டார். அன்றைக்குப் பயிற்சிக்குப் பிந்தைய வலி மார்க் நாலு, அதுவரைக்கும் குறைவானது. பிற்பாடு 2023 கடைசியில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 63 பேருக்குக் கையில் வலிக்கிற அளவு வெப்பம் கொடுத்துச் செய்த ஆய்வைப் படித்தேன். பிடித்த பாட்டுகளில், மனதை உருக்குகிற, இனிப்பும் துயரமும் கலந்த பாட்டுகளே வலியை அதிகம் குறைத்திருக்கின்றன. அன்றைக்கு நான் நிறுத்தியது என் பயத்துக்காக, அவருக்காக இல்லை.

ஆனால் எல்லா அழுகையும் ஒன்று இல்லை. பாட்டு முடிந்ததும் காப்பி கேட்கிறவரும், அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வைத்துச் சுவரைப் பார்த்துப் படுக்கிறவரும் வேறு வேறு. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் மனம் சோர்வது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குறைந்து, இருந்து என்ன பிரயோஜனம் என்ற பேச்சு வந்தால் பாட்டை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனச்சோர்வுக்கு இசை சிகிச்சை பற்றிய காக்ரேன் தொகுப்பும் (2017, 9 ஆய்வுகள், 421 பேர்) வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது குறுகிய காலத்தில் நல்ல பலன் இருந்ததாகத்தான் சொல்கிறது. சேர்த்து என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

அங்கே சொல்லப்படும் இசை சிகிச்சையும் நான் வீட்டில் செய்ததும் ஒன்று இல்லை. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நோயாளியோடு உட்கார்ந்து, பேசி, சேர்ந்து வாசித்து, பாடி, அவர் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே போவதுதான் சிகிச்சை. அமெரிக்காவில் போரில் காயம்பட்ட வீரர்களுக்காக மருத்துவமனைகளில் இசைக்கலைஞர்கள் வாசித்த அனுபவத்திலிருந்து வளர்ந்து, 1944-ல் மிச்சிகனில் அதற்கென்று பட்டப்படிப்பே வந்துவிட்டது. நம் பக்கம் புதுச்சேரியில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இதற்கான கல்வி, ஆய்வு மையம் இருக்கிறது. பக்கவாதம், புற்றுநோய், மனநோய் என்று பெரிய விஷயங்களுக்கு அப்படிப் படித்தவர்களைத் தேடுங்கள். ராகப் பட்டியலை விற்கிறவர்களிடம் போகாதீர்கள்.

இப்போது இடது முழங்கால் 115 டிகிரி மடங்குகிறது. வலது கால் 100-ல் நின்றுவிட்டது, இனி ஏறாது என்கிறார்கள். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் பிசியோ தம்பி. போன வாரம் பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போனோம். வாசலில் உயரமான நாலு படி. அம்மா கைப்பிடியைப் பிடித்து, ஏதோ முனகிக்கொண்டே, இடது காலை எடுத்து முதல் படியில் வைத்தார். நான் வலது பக்கமாக நின்றுகொண்டேன்.